பழைய பேருந்தும் பனிக்காலப் பணியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் பேசத் தகுதி வாய்ந்தோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். எங்களுக்கு இடப்பட்ட கட்டளையோ வேறு. நம் குடியிருப்பின் தெருக்கோடியில் ஒரு வீட்டின் பக்க முற்றத்தில், சென்ற குளிர்காலம் முழுவதும் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த ஒரு பழைய பேருந்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். "இரவு எட்டு மணிக்கு மேலும் சுத்தியல் ஓசையா?" என்று எங்களைக் கடிந்துகொண்ட அண்டை வீட்டாரும் இந்த அவையில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் இவ்வுரையில் பாதி விளக்கம், மீதி நன்றி.

ஜாம்ஷெட்பூரில் வாழும் நமக்குப் பேருந்து என்பது அயலார் பொருள் அன்று. ரயில் என்ஜின் செய்வதற்காக 1945ஆம் ஆண்டில் தோன்றிய டாட்டா நிறுவனம், 1954ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, இந்நகரிலேயே லாரிகளையும் பேருந்துக்குரிய அடிச்சட்டங்களையும் செய்யத் தொடங்கிற்று. அவ்வொப்பந்தம் 15 ஆண்டுகள் நடந்து 1969இல் நிறைவெய்தியது. அந்தக் காலத்து வண்டிகளின் முகப்பில் மூன்று முனை விண்மீன் பொறித்திருப்பதை முதியோர் நினைவுகூர்வர். நாங்கள் எடுத்துக்கொண்ட வண்டி 1964ஆம் ஆண்டினது. ஆலையிலிருந்து வெளிவந்தது அடிச்சட்டமும் என்ஜினுமே. மேற்கூட்டை வேறொரு பட்டறையார் தேக்குமரச் சட்டம் இணைத்து, அதன்மேல் அலுமினியத் தகடு அறைந்து கட்டினர். நம்முள் சிலர் சிறுவராயிருந்த காலத்தில் அதே வண்டியில் ஏறித்தான் பள்ளிக்குச் சென்றனர். பின்னர் அது பயனற்றதென ஒதுக்கப்பட்டு, மழையிலும் வெயிலிலும் கிடந்து, இறுதியில் இரும்பு எடைக்கு விலை பேசப்பட்டது. அந்த எடை விலையையே கொடுத்து நாங்கள் அதை இழுத்து வந்தோம்.

"எத்தனையோ நற்பணி இருக்க, இது எதற்கு?" என்று கேட்டோர் பலர். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடை வண்டியில் இல்லை. நம் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு பெரியவரிடத்தில் இருந்தது. 1966ஆம் ஆண்டில் பயிற்சித் தொழிலாளராக இவ்வூர் வந்து, டீசல் என்ஜின்களோடே வாழ்நாளைக் கழித்தவர் அவர். 2024 மார்ச்சு மாத இறுதியில் தமிழகத்திலுள்ள மகள் வீட்டுக்கே சென்று தங்கிவிடுவதென முடிவு செய்திருந்தார். அவர் கையில் இருந்த வித்தை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அவர் ரயிலேறும் நாளில் அந்த வித்தையும் இவ்வூரை விட்டு நீங்கிவிடும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு குளிர்காலம். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 2023 நவம்பர் 19ஆம் நாள், பணி தொடங்கிற்று.

முதல் நாளே பெரியவர் ஒரு நெறி வகுத்தார். "புதுக்குவது வேறு, புதிதாக்குவது வேறு. எது தாங்குமோ அது இருக்கட்டும். எது ஆளைக் கொல்லுமோ அதை மட்டும் மாற்றுவோம்" என்றார். இந்நெறியை நாங்கள் இறுதிவரை கைவிடவில்லை.

குளிர்காலத்தை ஏன் தேர்ந்தீர்கள் என்று வினவலாம். இவ்வூர்க் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகட்டின்மேல் கை வைக்க இயலாது. மழைக்காலத்தில் இன்று தேய்த்த இரும்பு நாளையே துருவேறும். குளிர்காலத்தில் காற்று உலர்ந்திருத்தலால் துருவும் ஏறாது. மரமும் ஈரம் விட்டு இறுகும். ஆயினும் குளிர் தன் பங்குக்கு வரி வாங்கத் தவறவில்லை. விடியற்காலையில் இரும்புச் சாவியைத் தொட்டால் விரல் மரத்துப் போகும். வண்ணம் எளிதில் காயாது. மாலைப் பனி படிந்தால் பளபளப்பு மங்கி, வெண்புகை படர்ந்தாற்போல் ஆகிவிடும். ஆகவே முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் மட்டுமே வண்ணம் பூச வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டோம்.

பக்கத் தகடுகளைப் பிரித்தபோது வண்டியின் நோய் விளங்கிற்று. அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால், அலுமினியம் வெண்பொடியாக உதிர்ந்து போகும். இரும்பு ஆணிகள் இறங்கிய இடமெல்லாம் தகடு அவ்வாறே அரித்திருந்தது. தேக்குச் சட்டங்களில் மேற்பகுதி உறுதியாகவே நின்றது. மழைநீர் தேங்கிய அடிப்பகுதி மட்டும் இற்றுப்போயிருந்தது. இற்ற பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, பழைய தேக்கோடு புதுத் தேக்கைக் கூட்டி இணைத்தார் தச்சு வேலை அறிந்த நண்பர். இன்றும் கூர்ந்து நோக்கினால் இரு நிறங்களும் தெரியும். மறைக்க வேண்டாமென்றே விட்டோம்.

"ஆளைக் கொல்லுவது" என்று பெரியவர் சொன்னதன் பொருள் பின்னரே முழுதும் புலப்பட்டது. அக்கால பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும்; அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கும். அதை உலரத் தேய்த்தால் அத்தூளும் நஞ்சே. ஆதலின் தண்ணீர் விட்டே தேய்த்தோம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டோம். சிறுவரை அப்பக்கம் அண்ட விடவில்லை. கல்நார்ப் பட்டைகளை ஈரமாகவே கழற்றிப் பையிலிட்டுக் கட்டி, கல்நார் கலவாத பட்டைகளைப் பொருத்தினோம். சக்கரங்களில் டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம், காற்றடிக்கும்போது தெறித்தால் உயிரையே வாங்கும். கம்பிக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக இருந்தார். என்ஜினைத் தூக்குவதற்கு முற்றத்து மாமரக் கிளையே போதுமென்று சில இளைஞர் சொன்னபோதும் அவர் இசையவில்லை. இரும்புக் குழாய்களால் முக்காலி அமைத்து, செயின் பிளாக் மாட்டிய பிறகே வேலை நடந்தது.

இனி என்ஜினைப் பற்றிச் சிறிது. ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 120 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 4,580 கனசென்டிமீட்டர். இவற்றுள் இரண்டு பிஸ்டன்கள் துருவினால் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. இளைஞர் ஒருவர் நீண்ட கடப்பாரையோடு வந்தார். "தம்பி, துருவோடு மல்லுக்கட்டாதே. அது உன்னைவிடப் பொறுமைசாலி" என்றார் பெரியவர். மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றிவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். பத்தாம் நாள் பிளைவீலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபோது மயிரிழை அளவு நகர்ந்தது. மாலைக்குள் முழுச் சுற்றுச் சுற்றிற்று. அன்றிரவு அவ்வீட்டு அம்மையார் எங்கள் அனைவருக்கும் சுக்குக் காப்பியும் அடையும் வழங்கினார்.

பெரியவரிடமிருந்து நாங்கள் பெற்ற தலையாய வித்தை, டீசல் பம்பைக் காலக் கணக்குக்குப் பொருத்துவது. முதற் சிலிண்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் வளைந்த சிறு குழாயொன்றை மாட்ட வேண்டும். டீசல் சொட்டிக்கொண்டிருக்கும். என்ஜினைக் கையால் இம்மி இம்மியாகச் சுழற்ற வேண்டும். சொட்டுவது எக்கணத்தில் நிற்கிறதோ, அக்கணமே பம்பு அமுக்கத் தொடங்கும் கணம். அப்போது பிளைவீலின் குறி உரிய இடத்தில் நிற்க வேண்டும். நில்லாவிடில் பம்பைச் சிறிது திருப்பி மீண்டும் தொடங்க வேண்டும். சொல்லுதற்கு எளிது. கடைசிச் சொட்டு எது என்று கண்டறிவதற்கோ, எங்கள் கண்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பழக வேண்டியிருந்தது.

இவ்விடத்தில்தான் எதிர்பாராத நன்மையொன்று விளைந்தது. பெரியவருக்குப் பட்டறை இந்தி நன்கு வரும். எனினும் நுட்பமான இடம் வந்துவிட்டால் அவர் நாவில் தமிழே வரும். இங்கு பிறந்து இங்கேயே பயிலும் நம் பிள்ளைகளுக்கோ தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிட்ட மொழி. எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரும்பாடு. அவர் சொல்வதை எழுதிவைக்கும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் ஆங்கில எழுத்தில் எழுதினாள். மறுவாரம் படித்தபோது அவளுக்கே பொருள் விளங்கவில்லை. "சொட்டு" என்றதும் "சோடு" என்றதும் ஒன்றாகவே தோன்றின. பின்னர்த் தமிழெழுத்திலேயே எழுதத் தொடங்கினாள். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரத் தயங்கிய நான்கு பிள்ளைகள் பேருந்தடியில் உட்கார்ந்து தமிழ் எழுதியதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். பயன்படும் இடத்தில் மொழி தானே வேர்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

பிள்ளைகளிடமிருந்து ஒரு வழக்கும் எழுந்தது. வண்டியின் முகப்புப் பலகையில் தமிழில் பெயர் எழுத வேண்டும் என்றனர். ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் பழைய வண்ணத்தை அடுக்கடுக்காகத் தேய்த்தபோது, அடியில் வெளிப்பட்ட எழுத்துகள் இந்தியும் ஆங்கிலமுமே. அவ்வண்டியில் நம் பிள்ளைகளோடு வங்காளியர், ஒடியர், பஞ்சாபியர், இம்மண்ணின் ஆதிவாசி மக்கள் எனப் பலர் வீட்டுப் பிள்ளைகளும் சென்றனர். இல்லாத ஒன்றை இருந்ததாகக் காட்டுவது புதுக்குதல் ஆகாது என்று பெரியவர் எடுத்துரைத்தார். பலகை முன்பிருந்தவாறே எழுதப்பட்டது. இருக்கைகளுக்குத் தேங்காய் நார் அடைத்து மேலுறை தைத்த தாய்மார்களிலும் நால்வர் அயல்மொழியினர் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம்.

பொங்கலுக்குப் பின் குளிர் மிகுந்தது. காலையில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிய நாள்களும் உண்டு. டீசல் என்ஜினுக்கு இது சோதனைக் காலம். அதில் தீப்பொறி இல்லை. காற்றை அமுக்கி, அச்சூட்டினாலேயே எரிபொருளைப் பற்றவைப்பது அது. குளிர்ந்த இரும்பு அச்சூட்டை உறிஞ்சிவிடும். ஆதலின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. இவ்வகை என்ஜினில் ஆறு பிளக்குகளும் ஒரே மின்தொடரில் கோத்தவை. ஆறில் ஒன்று அறுந்தாலும் எஞ்சிய ஐந்தும் சூடேறா. ஓட்டுநர் முன்னுள்ள சிறு கம்பிச் சுருள் சிவந்தால்தான் ஆறும் நலமென்று அறியலாம். எங்கள் சுருள் இரண்டு வாரம் சிவக்கவே இல்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து, நான்காவது பிளக்கு அறுந்திருக்கக் கண்டு மாற்றினோம்.

2024 பிப்ரவரி 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. முற்றத்தில் பனிமூட்டம். பெரியவர் தாமே இருக்கையில் ஏறுவார் என்று அனைவரும் எதிர்பார்த்தோம். அவர் ஏறவில்லை. பம்பைப் பொருத்தப் பழகிய இளைஞரையும், ஏடெழுதிய மாணவியையும் ஏறச் சொல்லிவிட்டு, கீழே நின்று காதைச் சாய்த்துக்கொண்டார். சுருள் மெல்லச் சிவந்தது. முதல் முறை என்ஜின் உருண்டு நின்றது. இரண்டாம் முறை ஒருமுறை இருமி நின்றது. மூன்றாம் முறை வெண்புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிற்று. புகை தெளிந்து ஒலி சீரானதும், பெரியவர் ஒன்றும் பேசாமல் தம் கருவிப் பெட்டியை மூடி அவ்விளைஞரிடம் கொடுத்தார்.

வண்டியின் பதிவு காலாவதியாகிவிட்டமையால் பொதுச் சாலையில் செல்லும் உரிமை அதற்கு இல்லை. முற்றத்தில் முன்னும் பின்னும் நகர்வதோடு சரி. மாதம் ஒருமுறை என்ஜினை ஓட்டிவைக்கும் முறையைப் பிள்ளைகள் தமக்குள் வகுத்துக்கொண்டுள்ளனர். பெரியவர் குறித்த நாளில் ஊர் சென்றார். அவர் சொற்கள் 112 பக்க ஏடாகச் சங்க நூலகத்தில் உள்ளன. விரும்புவோர் வாங்கிப் படிக்கலாம். எண்ணெய்க் கறை மட்டும் பொறுத்தருள்க.

அன்பர்களே! பெரியவரைப் போன்ற கைகள் நம் குடியிருப்பில் இன்னும் உள்ளன. வார்ப்படம் அறிந்தவர், கடைசல் அறிந்தவர், தையல் அறிந்தவர், கோலம் அறிந்தவர், நாட்டு மருந்து அறிந்தவர் எனப் பலர். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஒவ்வொருவராகப் புறப்படுகின்றனர். வழியனுப்பு விழாவில் மாலையும் பொன்னாடையும் அளிக்கிறோம். அவர் அறிந்ததைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தவறிவிடுகிறோம். வரும் குளிர்காலத்தில் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் ஒரு முதியவரிடம் சென்று ஒரு வித்தையேனும் கையால் கற்று, அதைத் தமிழில் எழுதிச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். ஏடுகளை நாங்களே வாங்கித் தருகிறோம்.

சுத்தியல் ஓசையைப் பொறுத்த அண்டை வீட்டாருக்கும், முற்றத்தை நான்கு மாதம் எங்களிடம் விட்ட இல்லத்தாருக்கும் நன்றி கூறி அமைகிறோம்.