வலியும் மாத்திரையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வலிக்குச் சாப்பிடும் மருந்துகளைப் பற்றியதாகும். சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் கேட்கலாம் என்று வந்திருக்கும் தோழர்கள் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கக்கூடும். ஆனால் ஒருவன் சொல்வதை ஏன், எப்படி என்று கேளாமல் நம்புவதும், ஒருவன் கொடுப்பதை இன்னதென்று கேளாமல் வாயில் போட்டுக்கொள்வதும் ஒரே குணத்தின் இரண்டு கிளைகளேயாகும் என்பது நமது அபிப்பிராயம்.

நமக்குத் தெரிந்த ஒரு சுமை தூக்கும் தோழர் இருக்கின்றார். வயது ஐம்பதுக்கு மேல். இடுப்பு வலி. வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில், "அண்ணே, இடுப்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்பார். கடைக்காரரும் மூன்று மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அட்டையில் இருக்கும் பெயர் கத்தரியோடு போய்விடும். இப்படியே ஆறு மாதம். ஒரு நாள் அவருக்கு மலம் தார் போலக் கறுப்பாகப் போயிற்று, கண் இருண்டது, மயங்கி விழுந்தார். வீட்டார் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? கண் திருஷ்டி என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள்! ஒரு பகலும் ஓர் இரவும் அதிலேயே கழிந்தன. பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தால், இரைப்பையில் புண்ணாகி உள்ளுக்குள் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. செட்டில் இருந்தவை டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று, பாரசிட்டமால் ஒன்று. போதாததற்கு, இதயத்துக்கென்று வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினையும் அவர் தினம் தவறாமல் சாப்பிட்டு வந்திருக்கின்றார். டைக்ளோபினாக்கும் ஆஸ்பிரினும் இரைப்பையின் உட்பூச்சை அரிக்கக்கூடியவை. ஸ்டீராய்டு அவற்றோடு சேர்ந்தால் அபாயம் பல மடங்கு ஏறும். ஆஸ்பிரின் இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கவும் செய்யும். டாக்டருக்குச் செட்டு தெரியாது. கடைக்காரருக்கு ஆஸ்பிரின் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அத்தோழர்தான். அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரத்தம் ஏற்றிப் பிழைத்துக்கொண்டார்.

இந்த டைக்ளோபினாக்கை மாடுகளுக்குப் போட்டதன் பலனாக, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இந்தியாவெங்கும் மாண்டொழிந்தன. 2006-ல்தான் மாட்டு வைத்தியத்தில் அதற்குத் தடை வந்தது. கழுகு பேசாது. மனிதனாவது வாயைத் திறக்க வேண்டாமா?

இது சாதாரண வலி மாத்திரையின் சங்கதி. இனி அபினி வகைக்கு வருவோம்.

நம் வீட்டுக் குருமாவில் அரைத்து விடுகின்றோமே கசகசா, அது அபினிச் செடியின் விதை. விதையில் போதை இல்லை. காயைக் கீறினால் வடியும் பாலில்தான் இருக்கின்றது. 1800-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செர்ட்டூர்னர் என்ற மருந்துக் கடைத் தொழிலாளி அந்தப் பாலிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கக் கனவுத் தெய்வத்தின் பெயரால் மார்பின் என்று பெயரிட்டார். பெயர் தெய்வத்தினுடையது. ஆனால் எவ்வளவு கொடுத்தால் வலி போகும், எவ்வளவு கொடுத்தால் ஆளே போய்விடும் என்பதைத் தெய்வம் வந்து சொல்லவில்லை. அவரே தின்று பார்த்தார். மூன்று வாலிபர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். நால்வரும் படாத பாடு பட்டார்கள்.

மார்பின், கோடீன், பெத்திடின், டிரமடால், டேப்பென்டடால், பென்டனில் ஆகிய இவையெல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. வலியை மூளை உணராதபடி செய்வது இவற்றின் வேலை. அதே மூளையில் மூச்சை இழுத்துவிடச் சொல்லி உத்தரவிடும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தையும் இவை மந்தப்படுத்தும். சாராயமும் தூக்க மாத்திரையும் மூளையை மந்தப்படுத்துபவையே. வலி தாங்காமல் ஒரு மாத்திரை, தூக்கம் வராமல் ஒரு மாத்திரை, மனம் கேளாமல் ஒரு கிளாஸ் என்று ஒருவன் படுத்தால், மூன்றும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு, தூக்கத்திலேயே மூச்சு நிமிஷத்துக்கு ஆறு, நான்கு என்று குறைந்து நின்றுவிடும். காலையில் எழுப்பப் போகின்றவர்கள், "நல்ல சாவு, தூங்கினபடியே போய்விட்டார்" என்பார்கள். அமெரிக்க மருந்து அதிகாரிகள் 2016-ல், அபினி வகையையும் தூக்க மாத்திரையையும் சேர்ப்பது பற்றிய எச்சரிக்கையை மருந்துச் சீட்டின் தலையிலேயே கட்டம் போட்டு அச்சிட உத்தரவிட்டார்கள்.

படிப்பில்லாதவர்கள்தான் இப்படிச் சாகின்றார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1984-ம் வருஷம் மார்ச்சு மாதம், நியூயார்க்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், காய்ச்சலும் நடுக்கமுமாக 18 வயதுப் பெண் ஒருத்தியை இரவில் சேர்த்தார்கள். அவள் மனச்சோர்வுக்காக பினெல்சின் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தவள். நடுக்கம் அடங்குவதற்கென்று பெத்திடின் ஊசி போட்டார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் வெகுகாலமாகப் புழங்கிய ஊசிதான் அது. பினெல்சினும் பெத்திடினும் ஒரு உடம்பில் சேரக்கூடாதென்பது அப்பொழுதே புத்தகத்தில் எழுதியிருந்த சங்கதி. விடிவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் 107 டிகிரிக்கு ஏறி, இருதயம் நின்றுவிட்டது. எதனால் செத்தாள் என்பது பற்றிக் கோர்ட்டில் பல வருஷம் வாதம் நடந்தது. அந்த இரண்டு மருந்தும் சேர்ந்ததே காரணமென்பது வைத்தியர் பலருடைய கருத்து. அன்றிரவு அவளைப் பார்த்தவர்கள் பயிற்சியிலிருந்த இளம் டாக்டர்கள். பெரியவர் வீட்டிலிருந்து டெலிபோனில் பேசினார். இதன் பலனாக, பயிற்சி டாக்டர்களை வாரத்துக்கு 80 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 1989-ல் அந்த மாகாணத்தில் விதி செய்தார்கள். எண்பது மணி என்பதே ஒரு சலுகையாம்! மாட்டுக்குக்கூட இரவில் கட்டுத்தறி உண்டு.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஜெர்மனியில் பேயர் கம்பெனி 1898-ல் ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது. அமெரிக்காவில் பர்டியூ கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை இறக்கி, இதற்கு அடிமையாவது குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றது; அப்படிச் சொன்னது பொய் என்று 2007-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. 2021-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்நாட்டில் அபினி வகையால் மாண்டவர்கள் 80 ஆயிரத்துக்கு மேல். நம் நாட்டார் யோக்கியர்கள் என்று மார் தட்டிக்கொள்ளவும் இடமில்லை. டேப்பென்டடாலையும், கேரிசோபுரோடால் என்னும் தசை தளர்த்தும் மருந்தையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து, இங்கிருந்து கானாவுக்கும் நைஜீரியாவுக்கும் அனுப்பி, அங்குள்ள வாலிபர்களைப் போதையில் தள்ளியது வெளிப்பட்ட பின், 2025 பிப்ரவரியில்தான் இந்திய அரசாங்கம் அதைச் செய்யவும் ஏற்றுமதி செய்யவும் கொடுத்திருந்த அனுமதியை வாபஸ் வாங்கிற்று.

டிரமடாலைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 முதல் அது போதை மருந்துச் சட்டத்துக்கு உட்பட்டது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகின்றவர்கள் அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்கு நடுக்கமும் காய்ச்சலும் புத்தித் தடுமாற்றமும் வரும். கோடீன் கலந்த இருமல் மருந்தைக் குழந்தைக்கு ஊற்றவே கூடாது. சில குழந்தைகளின் ஈரல் அதை வெகு வேகமாக மார்பினாக மாற்றிவிடும்.

இப்பொழுது ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கின்றார். தம் தகப்பனாருக்குப் புற்றுநோய் என்றும், டாக்டர் மார்பின் மாத்திரை எழுதியிருக்கின்றார் என்றும், நாம் பேசியதைக் கேட்ட பின் அதைக் கொடுக்கப் பயமாயிருக்கின்றதென்றும், வலி அவரவர் கர்ம வினை என்று உறவினர் சொல்கின்றார்களென்றும் எழுதியிருக்கின்றார்.

தோழரே! நாம் சொன்னதை அப்படி எடுத்துக்கொண்டால் அது நமது பேச்சின் குற்றமேயாகும். உங்கள் தகப்பனாருக்கு மார்பின் கொடுங்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் லைசென்சு கொடுத்து அபினி பயிர் செய்கின்ற நாடு இது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே அபினித் தொழிற்சாலை வைத்திருக்கின்றது. அப்படியிருந்தும் 1985-ம் வருஷச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்பினை வைக்காமல் விட்டதால், எத்தனையோ பேர் கத்திக் கத்திச் செத்தார்கள். 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். கர்ம வினை என்று சொல்லும் உறவினர்களுக்குப் பல்வலி வந்தால் வினை கழியட்டும் என்று உட்கார்ந்திருப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன மணிக்கு, வலி வரும்வரை காத்திராமல் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். எழுப்பினால் எழாமல், மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மார்பினை முறிக்க நலாக்ஸோன் என்ற ஊசி இருக்கின்றது.

சீட்டில் ஒன்றை எழுத மறந்துவிட்டீர்கள். அவர் வேறென்ன சாப்பிடுகின்றார்? தூக்க மாத்திரை உண்டா? நாட்டு மருந்து, லேகியம் உண்டா? பழைய பழக்கமாக இராத்திரியில் கொஞ்சம் குடிக்கின்றாரா? வெட்கப்படாமல், எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு நாளைக் காலையில் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.