மலை ஏறப் போகிறவர்களுக்கு ஒரு வைத்தியரின் சில வார்த்தைகள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், பல்லேகலவில் ஆற்றிய உரை)



"சுகாதாரம் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் டொக்டர்" என்று செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் நீரிழிவோ இரத்த அழுத்தமோ என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிற பட்ச் எல்லாம் விழா முடிந்ததும் நக்கிள்ஸ் போகிறதாம். அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து பிள்ளைகளோடு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் மலையைக் கேட்கிறார்கள். கூடவே நாமும் போகிறோம்.

போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் காலத்தில் மலைக்குப் போவது ஆண்பிள்ளைகளின் வேலை. நாங்கள் பல்லேகலவிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. இன்று இந்தப் பாடசாலைப் பெண்கள் முதுகில் பை மாட்டிக்கொண்டு உன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு விபத்து நடந்தால் "பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு" என்று கதவைச் சாத்துவதற்கு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். அந்தக் கதவு சாத்தப்படக் கூடாது என்பதற்காகவே இதைப் பேசுகிறேன்.

முதலில் மலையைப் பற்றி. சிங்களத்தில் தும்பர மலைத்தொடர். மடக்கிய கைவிரல்களின் மொளி போலத் தெரிவதால் வெள்ளைக்காரர் நக்கிள்ஸ் என்றார்கள். மிக உயர்ந்த சிகரமான கொம்பனிய 1906 மீற்றர். 2010இல் ஓட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. இமயத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன மலைதான். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேல்தான் ஆரம்பிக்கும். எங்கள் பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். ஆகவே நேபாளத்துக்கோ கிளிமஞ்சாரோவுக்கோ போகிறவர்கள் பயப்பட வேண்டிய அந்த நோய்க்கு இங்கே பயப்படத் தேவையில்லை. இங்கே ஆட்களைக் கொல்வது வேறு விஷயங்கள்.

அதில் ஒன்று குளிர். "இலங்கையில் குளிரா?" என்று கனடாக்காரர் சிரிக்கலாம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஆறரைப் பாகை குறையும். இங்கே பல்லேகலவில் 25 என்றால் மேலே 18 அல்லது 19. அது ஒன்றுமில்லை. ஆனால் டெனிமும் பருத்திச் சட்டையும் மழையில் ஊறி, முகட்டில் காற்று அடித்து, பகல் சாப்பாடும் இல்லாமல் மூன்று மணித்தியாலம் நடந்தால், 18 பாகையிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். நக்கிள்ஸ் இரண்டு பருவக்காற்றுக்கும் குறுக்கே நிற்கும் மலை. நீங்கள் விடுமுறைக்கு வரும் டிசம்பரில் வடகீழ்ப் பருவ மழை அதன் கிழக்குச் சரிவில்தான் கொட்டும்.

அடையாளம் சுலபம். பேசிக்கொண்டு வந்தவள் பேசாமலாகி விடுவாள், அல்லது சொல் குழறும். பொத்தான் போட விரல் வராது. சமதரையிலும் கால் தடுமாறும். "களைப்பு" என்பாள். நம்பாதீர்கள். நடுக்கம் இருக்கும்வரை உடல் போராடிக்கொண்டிருக்கிறது. நனைந்த உடுப்போடு நடுக்கம் நின்றுவிட்டால் அதுதான் அபாயம். காற்றுப் படாத இடத்தில் இருத்தி, ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, பெரிய குப்பைப் பையை மேலே போர்த்தி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஒட்டி இருங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சீனி போட்ட சூடான தேநீர் கொடுங்கள். சாராயம் வேண்டவே வேண்டாம். அது தோலுக்குச் சூட்டைக் காட்டி, உள்ளே இருக்கிற வெப்பத்தை வெளியே விட்டுவிடும். ஒரு மாற்றுச் சட்டையைப் பொலித்தீன் பையில் முடிந்து வையுங்கள். அரைக் கிலோ பாரம்கூட இல்லை.

அடுத்தது, ஆண்கள் எழுதும் மலையேற்றக் குறிப்புகளில் நான் ஒருபோதும் காணாத விஷயம். நம்மில் பலர் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்: வழியில் மலசலகூடம் இல்லை. பாடசாலைச் சுற்றுலாவில் பழகியது ஐம்பது வயதிலும் விடுவதில்லை. ஏறும்போது ஒரு மணித்தியாலத்தில் அரை லீற்றர் வியர்வை சாதாரணமாகப் போகும். தண்ணீர் இல்லாத உடம்பில் தசை பிடிக்கும், தலை சுற்றும், இறங்கும்போது கால் தவறும். விழுந்து வருகிறவர்களில் பலர் ஏறும்போது விழுந்தவர்கள் அல்ல, பிற்பகல் களைத்து இறங்கும்போது விழுந்தவர்கள். வீடு திரும்பிய பின் சிறுநீர்த் தொற்று வருவதற்கும் இதே காரணம்தான். ஆகவே குழுத் தலைவி யாராக இருந்தாலும் வெட்கப்படாமல், ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, பாதைக்கும் நீரோடைக்கும் தள்ளி மறைவிடம் பார்த்து, காவலுக்கு ஒருத்தியை நிறுத்துங்கள். பாவாடை மாதிரி ஒரு துணி பையில் இருக்கட்டும். மாதவிடாய் நாள் என்றால் போகக்கூடாது என்று ஒன்றும் இல்லை. பாவித்ததைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை போதும். தண்ணீரோடு ஜீவனிப் பக்கற் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வயதுக்காரருக்கு இன்னொன்று. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். ஒவ்வொரு பருவத்திலும் படியில் மயங்கி விழுந்து இறந்தவர் பற்றிச் செய்தி வருகிறது. ஏறும்போது நெஞ்சு அழுத்தினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, "வாயு" என்று சோடா குடித்துவிட்டு மேலே போகாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் மூச்சுத் திணறலும் குமட்டலுமாக மட்டுமே வரும். இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் எடுப்பவர்களும் அன்றைய மருந்தின் அளவு பற்றி முன்கூட்டியே தங்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும். வழக்கமான அளவைப் போட்டுவிட்டு ஆறு மணித்தியாலம் ஏறினால் சீனி இறங்கிவிடும். பையின் அடியில் அல்ல, சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும்.

பாம்பைப் பற்றிக் கேட்பீர்கள். மலையில் நீங்கள் மிதிக்கக்கூடியது குணகட்டுவா என்று சிங்களத்தில் சொல்லும் மேட்டுமூக்கு விரியன். சருகின் நிறம். ஒரு அடி, ஒன்றரை அடிதான் இருக்கும். இலங்கையில் அதிகம் பேரைக் கடிப்பது இதுதான். வைத்தியசாலைகளில் நாங்கள் ஏற்றும் இந்திய விஷமுறி நாகம், கண்டங்கருவளை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு உரியது. குணகட்டுவாவுக்கு அது வேலை செய்யாது. பெரும்பாலும் வீக்கத்தோடும் வலியோடும் போய்விடும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும், இரத்தம் உறையாது. சின்னப் பாம்புதானே என்று வீட்டுக்குப் போகக்கூடாது என்பது இதனால்தான். கடிபட்டால் வளையல், மோதிரம், கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது. கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, முடிந்தவரை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு படம் போதும். கணுக்கால் மூடும் சப்பாத்தும், விழுந்த மரத்தின் மேல் முதலில் ஏறிப் பார்த்துப் பிறகு அந்தப் பக்கம் கால் வைக்கும் பழக்கமும் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

பாம்பைவிட எனக்குப் பயம் குளவிதான். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற செய்தி மலைநாட்டில் மாதம் தவறாமல் வருகிறது. பல நேரம் அது குளவியல்ல, பம்பரா என்னும் மலைத்தேனீ. கூடு கண்டால் சத்தமில்லாமல் திரும்புங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். ஆற்றில் குதிப்பது சினிமாவில்தான். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, உடம்பெல்லாம் தடித்தால் நிமிடக்கணக்குத்தான் நேரம். ஒவ்வாமைக்கு அட்ரினலின் பேனை வைத்திருப்பவர்கள் அதை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டு வரவேண்டாம். நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வைத்தியசாலையில் ஒரு நாள் இருக்க வேண்டும்.

இனி விளிம்பு. 2015 பெப்ரவரியில் ஓட்டன் சமவெளியின் உலக முடிவில், தேன்நிலவுக்கு வந்த நெதர்லாந்து இளைஞர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் கால் வைத்து விழுந்தார். சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். இராணுவத்தினர் இறங்கித் தூக்கினார்கள். அந்த மரம் எல்லோருக்கும் கிடைக்காது. நக்கிள்ஸிலும் சின்ன உலக முடிவு என்று ஒரு விளிம்பு இருக்கிறது. அங்கே மூடுபனி வந்தால் முன்னால் நிற்பவரே தெரியாது.

மழை பெய்யாத இடத்தில் நின்றாலும் மேலே பெய்த மழைக்கு ஓடை பெருகும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால் உடனே கரைக்கு ஏறுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நிச்சயம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது விநாடிக்குக் குறைவென்றால் முகட்டை விட்டு இறங்குங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை என்ன செய்தது என்று இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுக்காரருக்காகச் சொல்கிறேன். நீங்கள் இணையத்தில் பார்த்து வைத்திருக்கும் பழைய பாதை இன்று இல்லாமலிருக்கலாம். ஒருமுறை சரிந்த மண் அடுத்த மழைக்கும் காத்திருக்கிறது. புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், இல்லாத இடத்தில் ஊற்று, இவற்றைக் கண்டால் திரும்புங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. காலையில் அதைப் பார்க்காமல் வாகனம் ஏற வேண்டாம். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டை எடுத்து, அந்த ஊர் வழிகாட்டி ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் "இன்று வேண்டாம்" என்றால் பேரம் பேசாதீர்கள்.

நேரக் கணக்கு இப்படி: ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி, உச்சி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பன்னிரண்டரைக்குத் திரும்ப வேண்டும். நம் நாட்டில் ஆறரைக்கு இருட்டிவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே. வீட்டிலுள்ள ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு அழைப்போம் என்று எழுதிக் கொடுங்கள். மீமுரைப் பள்ளத்தாக்கில் கைத்தொலைபேசியை நம்ப முடியாது. விசிலும் டோர்ச்சும் ஆளுக்கு ஒன்று. சிக்னல் கிடைத்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். 119 பொலிஸ். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். வழி தவறினால் கூட்டத்தைப் பிரிக்காதீர்கள், ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள். ஓடை நேரே நீர்வீழ்ச்சிக்குத்தான் போகும்.

கடைசியாக, பின்வரிசையில் இருக்கும் தங்கைமார் கேட்கக் காத்திருக்கும் அட்டை. அது யாரையும் கொல்லாது. நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விழுந்துவிடும். உப்போ நெருப்போ வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க ஒரு பதார்த்தத்தை விடுவதால் கடிவாய் சில மணித்தியாலம் கசியும். வாபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் மட்டும் ஒரு இறுக்கமான கட்டுத்துணி கொண்டு வாருங்கள். காலுறைக்கு மேல் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துக்கொள்ளலாம். சித்தாலேபவும் பரவாயில்லை, ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் பூசுங்கள்.