இல்லாளின் கையில் ஒரு தொகை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடித் தமிழ் பேசி மகிழ்ந்த இவ்வட்டம், இவ்விழாவில் எனக்கு அளித்த தலைப்பு 'வறுமையும் வண்மையும்' என்பதாகும். சங்கப் பாடல்களைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவேன் என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். அங்கேதான் தொடங்குகிறேன். ஆனால் என் பேச்சு முடியவேண்டிய இடம், நான் பிறந்த கரிசல் காட்டுச் சிற்றூரின் ஒரு வீட்டு வாசல்.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு வீடு வருகிறது. கூரை சிதைந்து கிடக்கிறது. குட்டி ஈன்ற நாய், பால் கொடுக்கவும் இயலாமல் குரைக்கிறது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். சுற்றத்தோடு உண்ணும்முன் அவள் கதவை அடைக்கிறாள். பிறர் கண்டால் பழிப்பரே என்னும் நாணம் அவளுக்கு. பசியைவிட அந்த அடைத்த கதவுதான் என்னை உறுத்தும். வறுமை வயிற்றில் மட்டும் இருப்பதன்று. வாசலிலும் இருக்கிறது என்று அப்புலவர் கண்டுகொண்டார்.

அக்கதவு திறக்கும் காட்சியைப் புறநானூற்றின் 163ஆம் பாட்டில் காண்கிறோம். முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார், செல்வத்தை மனைவியிடம் ஒப்படைக்கிறார். உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், நம் பசிக்காலத்தில் அளந்து கடன் தந்தவர்க்கும் கொடு என்கிறார். இன்னார் இனியார் என்று பாராமல் கொடு என்றும், என்னிடம் கலந்துகொள்ளாமலே கொடு என்றும் சொல்கிறார்.

இப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் குமணனின் வண்மையையும் புலவரின் பெருந்தன்மையையும் விளக்குவது வழக்கம். பல ஆண்டுகள் நானும் அவ்வாறே விளக்கினேன். பிற்காலத்தில்தான் அந்த மனைவியின் பக்கம் என் பார்வை சென்றது. கணவனைக் கேளாமல் செலவிடும் அதிகாரம் ஒரு பெண்ணின் கைக்கு வந்த நாள் அது. இல்லாள் என்ற சொல்லுக்கு இரு பொருள் கொள்ளலாம். இல்லத்தை ஆள்பவள் என்பது ஒன்று. ஏதும் இல்லாதவள் என்பது மற்றொன்று. அன்று காலைவரை இரண்டாம் பொருளில் இருந்தவள், மாலையில் முதற்பொருளுக்கு வந்து சேர்ந்தாள்.

அன்பர்களே, என் தாய் இரண்டாம் பொருளிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை. சனிக்கிழமை கிடைக்கும் கூலி, மளிகைக் கடையின் பற்று நோட்டுக்குப் பாதி, தந்தையின் கைக்கு மீதி என்று அன்றிரவே பிரிந்துவிடும். ஞாயிறு காலையில் மறுபடியும் கடைப் படியில் நிற்பார். உழைத்தவர் அவர், கேட்டு நின்றவரும் அவரே.

1998இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். கல்லூரி விண்ணப்பப் படிவத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்கும் குறைவாகவே தேவைப்பட்டது. கேட்ட இடங்களில் எல்லாம் கைவிரித்தார்கள். கடைசி நாளுக்கு முதல் நாள், தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடத்தைச் சேலைத் தலைப்பால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார் என் தாய். அக்குடம் திரும்பி வரவே இல்லை. நான் முனைவர் பட்டம் பெற்றபோது பலர் பாராட்டினர். அக்குடத்தை நான் மட்டுமே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் என் தோழி இருந்தாள். என்னைவிட அதிக மதிப்பெண் பெற்றவள். அவள் வீட்டில் குடம் இல்லை. அந்த வாரமே அவள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். எங்களுக்கிடையே இருந்த வேறுபாடு அறிவன்று, ஊக்கமன்று, ஒரு குடம். இதை நான் மேடையில் சொல்வது இதுவே முதல் முறை.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியபோது, ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் சேர்க்கப்பட்டது. அவர்களுள் ஒருத்தி என் தோழி. ஊருக்குச் சென்றபோது, அந்தப் பணத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் மொழியிலேயே சொல்கிறேன்: "மொத மாசம் எடுக்கவே இல்லட்டி. நம்ம பேருல துட்டு கெடந்தா எப்படி இருக்கும்னு பார்க்கணும்போல இருந்துச்சு."

அடுத்த மாதங்களில் மளிகைக் கடைப் பற்றை அடைத்தாள். பின்னர் ஐந்து மாதப் பணத்தைச் சேர்த்து ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கினாள். 2024இல் அவள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். கல்லூரி விண்ணப்பத்துக்கு என் தோழி எவரிடமும் போய் நிற்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் மாணவியர்க்கென 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் தொகை, அம்மகளின் கணக்கில் அவள் பெயரிலேயே வந்தது.

ஒருத்தியின் கதையைக் கொண்டு உலகத்தை அளந்துவிட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கையில் காசு கொடுத்தால் ஏழைகள் சோம்பிவிடுவர், குடித்து அழிப்பர் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். இக்கூற்றை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு.

மத்தியப் பிரதேசத்தில் சேவா என்னும் பெண்கள் அமைப்பு, யூனிசெஃப் நிதியுதவியுடன் 2011, 2012ஆம் ஆண்டுகளில் எட்டுச் சிற்றூர்களில் ஒரு முயற்சி மேற்கொண்டது. வயது வந்தோர் ஒவ்வொருவர்க்கும் மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய் வழங்கி, பின்னர் அவற்றை 300, 150 என உயர்த்தியது. குழந்தைகளின் தொகை தாயிடம் தரப்பட்டது. எந்த நிபந்தனையும் இல்லை. கடன் குறைந்தது. பிள்ளைகளின் உணவும் பள்ளி வருகையும் மேம்பட்டன. கூலிக்குப் போனவர்களுள் பலர் தம் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைக்கத் தொடங்கினர். சோம்பல் என்ற பழி அங்கே நிற்கவில்லை.

கடல் கடந்து கென்யாவின் மேற்குப் பகுதியிலும் இதையே காண்கிறோம். ராரியேடா வட்டாரத்தில் 2011 முதல் 2013 வரை, கிவ்டைரக்ட்லி என்னும் அமைப்பு புல் வேய்ந்த கூரை கொண்ட வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியது. ஹவுஷோஃபர், ஷபிரோ ஆகிய இருவரும் அதை ஆய்ந்து 2016இல் வெளியிட்டனர். உணவுச் செலவு கூடியது. கால்நடைகள் பெருகின. தகரக் கூரைகள் எழுந்தன. மதுவுக்கும் புகைக்கும் ஆன செலவு கூடவில்லை. சிறுபாணாற்றுப்படையின் சிதைந்த கூரையை அறிந்த நமக்கு, ஒரு குடும்பம் ஏன் கூரையைச் சீர்செய்ய நினைக்கும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. பெருஞ்சித்திரனார் கடன் தந்தவர்களை நினைத்தது போலவே, மத்தியப் பிரதேசத்து உழவரும் என் தோழியும் பழைய கடனை நினைத்தார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். காசு ஊருக்குக் குளம் வெட்டித் தராது, ஆசிரியரை அனுப்பாது, மருத்துவமனை கட்டாது. அவற்றைச் செய்யவேண்டிய கடமையை ஆயிரம் ரூபாயால் ஈடுசெய்துவிட முடியாது. வங்கி அட்டையைப் பறித்துக்கொள்ளும் கணவனும் இருக்கிறான். வருமானம், நிலம், மின்நுகர்வு எனப் பல வரையறைகளுக்குச் சற்றே வெளியில் நின்றுபோன பெண்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி என் தோழியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். அந்த மௌனமும் இவ்வுரையில் இடம்பெற வேண்டும்.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இரவு என்றும் இரவச்சம் என்றும் வேறு இரண்டு அதிகாரங்களும் வகுத்தார். கொடுப்பது அறமே என்றாலும், கேட்டு நிற்பதன் துயரை அவர் மறக்கவில்லை. ஆகவே எவ்வளவு கொடுத்தோம் என்பதோடு, பெறுபவர் கேட்டு நிற்க நேர்ந்ததா என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இத்தொகையை இலவசம் என்று இகழ்வோர்க்கு என் விடை இது: என் தாய் வாழ்நாள் முழுவதும் வீட்டில் செய்த வேலைக்கு எவரும் கூலி தந்ததில்லை. அக்கணக்கைப் பார்த்தால் இலவசமாகப் பெற்றவர்கள் நாம்தாம்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வறுமையைப் பாடும் கவிதைகள் நம்மிடம் ஏராளம். கண்ணீரும் கிழிசலும் அவற்றில் நிறைந்திருக்கின்றன. தன் பெயரில் கிடக்கும் காசை ஒரு மாதம் எடுக்காமல் வைத்து மகிழ்ந்த பெண்ணை நாம் இன்னும் பாடவில்லை. அவளைப் பாடுங்கள். திண்ணையிலிருந்து எழுந்து போனவளையும் பாடுங்கள்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது என் தோழி எனக்குச் சோறு போட்டாள். முருங்கைக்கீரைப் பொரியலும் ரசமும்தான். உப்பு இருந்தது. கதவும் திறந்தே இருந்தது.