மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த பதில்

 

உயிரை மாய்த்துக்கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பது இங்கே அமர்ந்திருக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல நான் எழுந்து நிற்கவில்லை. சாவை எண்ணிக் கலங்கும் ஒருவர் நம்மிடம் வந்தால், நாம் என்ன பதில் சொல்கிறோம்?

திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்தை நினைவுகூருங்கள். பிரசவ வேதனையோடு பேரீச்ச மரத்தடியில் தனித்திருந்த மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று புலம்பினார்கள். ஈமான் எங்கே போயிற்று என்று அவர்களை எவரும் அதட்டவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரும், கைக்கெட்டும் பழமும் வந்தன. ஊராருக்கு விளக்கம் சொல்லும் சுமையும் அன்று இறக்கிவைக்கப்பட்டது.

எனக்கு அந்தப் பதில் அன்று தெரியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், இஷாவுக்குப் பின் ஒரு வாலிபர் வந்து, “ஹஜ்ரத், உயிரோடு இருப்பதே பாரமாக இருக்கிறது” என்றார். தறிக்கூலியை நம்பி வாங்கிய கடன் அவரை நெருக்கியிருந்தது. நான் கால்மணி நேரம் உபதேசித்தேன். தலையசைத்துச் சென்றவர், பல மாதங்கள் பள்ளிவாசல் பக்கமே வரவில்லை. ஓர் அரசு மருத்துவர் அவரைத் தேற்றினார் என்று பின்னர் அறிந்தேன். அல்ஹம்துலில்லாஹ். அதில் என் பங்கு ஏதுமில்லை.

1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பின் தொண்டர்கள், தீர்ப்புச் சொல்லாமல் செவிமடுக்கிறார்கள். “சாகத் தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என அஞ்சுகிறோம். அப்படி விதைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே தெளிவுபடுத்தியுள்ளது. இன்னொன்று: வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிடக் கூடியது. கொடிய பூச்சிமருந்துகளை 1990-களில் தடைசெய்த இலங்கையில், அடுத்த பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது.

போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்கும் குடும்பங்கள் உண்டு. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையளிப்பது அரசின் கடமை என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024-இல் வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

உயிரிழந்தவரின் வீட்டாருக்கு ஜனாஸா பற்றிய அச்சம் வேறு. நம் ஹனஃபி மத்ஹபில் அவருக்குத் தொழுகை உண்டு என்பதே ஃபத்வா. துக்க வீட்டில் “எப்படி, ஏன்” என்று துருவுவதை விட்டு, சமைத்த சோற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

14416 என்னும் டெலி மானஸ் இலவச எண்ணைப் பள்ளிவாசல் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அஸர் முதல் மஃரிப் வரை என் அறைக்கதவு திறந்திருக்கும். பெண்கள் என் வீட்டாரிடம் பேசலாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தனியே போகத் தயங்குபவருடன் நானே பேருந்தேறி வருகிறேன். வஸ்ஸலாம்.