பழகுநர் பெயர் பதிவேட்டில் ஏறுக!

(பட்டறைத் தொழிலாளரும் சிறுதொழில் நடத்துவோரும் ஒருங்கு கூடிய அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  

மொழியைப் பற்றிப் பேசுவான் என்று எண்ணி வந்த சிலர், இவன் பட்டறையைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றானே என வியக்கலாம். நாற்பதாண்டுக் காலம் கடைசல் பொறியின்முன் நின்றவன் யான். என் கை அறிந்ததைத்தான் என் வாய் பேசும்.

பதினைந்தாம் அகவையில் ஒரு பட்டறையிற் சேர்ந்தேன். சேர்த்துவிட்டவர் என் தாய்மாமன். “பையனை வைத்துக்கொள்ளுங்கள், தொழில் கற்றுக்கொள்ளட்டும்” என்றார். அவ்வளவே ஒப்பந்தம். முதலாண்டு முழுதும் இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளினேன். தேநீர் வாங்கி வந்தேன். இரண்டாமாண்டில் அரம் பிடித்தேன். கடைசல் பொறியைத் தொட நான்காமாண்டு ஆயிற்று; அதுவும் மூத்த தொழிலாளி நண்பகல் உணவிற்குச் சென்ற வேளையில், மறைவாக. ஆறாமாண்டில் பட்டறை மூடப்பட்டது. வேறோர் ஆலைக்குச் சென்று வேலை கேட்டேன். “என்ன சான்று வைத்திருக்கின்றாய்?” என்றனர். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டு, மூட்டை சுமக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டனர். அந்த ஆறாண்டும் எவர் ஏட்டிலும் இல்லை.

இதில் மிகுந்த வருத்தம் தருவது ஒன்றுண்டு. அந்நாளிலேயே தொழிற்பழகுநர் சட்டம் நடப்பிலிருந்தது. 1961-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டம் அது. எனக்கும் தெரியாது, என் மாமனுக்கும் தெரியாது.

அச்சட்டம் கேட்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வினையன்று. தொழில் பழக வருபவனும் பழக்குபவரும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளல் வேண்டும். பழகுபவன் இளையனாயின் அவன் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிடல் வேண்டும். அவ்வொப்பந்தத்தைத் தொழிற்பழகுநர் அறிவுரைஞர் என்னும் அரசு அலுவலரிடம் பதிவு செய்தல் வேண்டும். 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஏழு நாளுக்குள் இணையவழியே அதன் விளத்தங்களைப் பதிதல் வேண்டும். அவ்வளவே.

ஆனால் அந்தப் பதிவு என்ன செய்கின்றது என்று பாருங்கள். என்ன தொழில், எத்துணைக் காலம், எவ்வளவு உதவித்தொகை என்பன எழுத்தில் ஏறிவிடுகின்றன. முடிக்கும் எண்ணிக்கைக்கேற்ற துண்டுக் கூலியாக அத்தொகையைத் தருதல் கூடாது என்று சட்டம் தடுக்கின்றது. வேலையிடத்தில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு உடைமையாளர்மேல் விழுகின்றது. சொன்னபடி பழக்காமல் இடையில் அவர் கைவிட்டால், பழகுநனுக்கு இழப்பீடு தருதல் வேண்டும். இவன் சொற்பிழைத்து ஓடினாலோ, பழக்கிய செலவை இவன் பக்கத்தார் திருப்பித் தருதல் வேண்டும். இருபாலும் கட்டுண்டு! முடிவில் தேர்வும், இந்திய நாடு முழுதும் செல்லும் சான்றிதழும் உண்டு. யான் நீட்டிய வெறுங்கைகளுக்கும் அச்சான்றிதழுக்கும் உள்ள வேறுபாட்டை யான் விளக்கவும் வேண்டுமோ?

இவ்விடத்தில் நம் இயக்கத்தார் சிலர்க்கு ஓர் ஐயம் எழும். 1953-ஆம் ஆண்டு இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த திட்டமும் இதுபோன்றதன்றோ? பாதி நாள் பள்ளி, பாதி நாள் தொழில் என்றுதானே அதுவும் சொல்லிற்று? அன்று தமிழகமே கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அதனை எதிர்த்தவர்கள் தொழிலை எதிர்க்கவில்லை; தந்தை செய்த தொழிலே மகனுக்கு என்னும் விலங்கையே எதிர்த்தனர். பதிவுபெற்ற பழகுமுறையோ அவ்விலங்கைக் கழற்றுவது. வண்ணார் மகன் மின்பணி பழகலாம். உழவர் மகள் பற்றவைப்புப் பழகலாம். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அச்சட்டத்திலேயே இடஒதுக்கீடு உண்டு. பதிவில்லாத பட்டறையில்தான் “யார் வீட்டுப் பையன்?” என்னும் வினா முதலில் எழுகின்றது. என்னைச் சேர்த்ததும் என் மாமனுக்குப் பட்டறைக்காரரோடிருந்த பழக்கத்தாலன்றி என் தகுதியாலன்று. மாமன் இல்லாத பையன் எங்கே போவான்?

இனித் தொழில் நடத்தும் பெரியோர்க்கு ஒரு சொல். நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். “நான் செலவழித்துப் பழக்குவேன், அடுத்த தெருப் பட்டறைக்காரன் உருபா ஆயிரம் கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டு போவான்.” உண்மைதான்; யானும் பின்னாளில் சிறு பட்டறை வைத்து, இருவரை அவ்வாறு இழந்தவன். (முன்வரிசையில் ஒருவர் தலையசைக்கின்றார், அவரும் பட்டுணர்ந்தவர் போலும்!) ஆனால் என்னைவிட்டுப் போன அவ்விருவரும் பதிவில்லாதவர்கள். எழுத்தில் ஒன்றுமில்லாதபோது அவர்களை எதைக் காட்டி நிறுத்துவேன்? ஒப்பந்தம் இருந்திருப்பின் அதன் காலம் முடியும்வரையேனும் நின்றிருப்பர். அதன்பின் போனாலும் போகட்டும். பிறர் பழக்கிய பிள்ளைகள் உம்மிடம் வருவார்களன்றோ? ஊரிலுள்ள எல்லாப் பட்டறையும் பழக்கினால் எவர்க்கும் இழப்பில்லை. எவரும் பழக்காமல் எல்லாரும் இழுக்கப் பார்த்தால் இழுப்பதற்கே ஆளிராது. இன்று பொறித்தொழிற் பட்டறைகளில் கைதேர்ந்த கடைசலர்க்கு இருக்கும் தட்டுப்பாடு அவ்வாறு விளைந்ததே.

கணக்கும் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு விதித்திருத்தம், படிப்பிற்கேற்பத் திங்களுக்கு 5,000 உருபா முதல் 9,000 உருபா வரை குறைந்த அளவு உதவித்தொகையாக வரைந்தது. அதற்கு முன்பே, 2016-இல் வந்த ஊக்கத்திட்டம், வரையறுத்த உதவித்தொகையில் நூற்றுக்கு இருபத்தைந்தை, 1,500 உருபாவுக்கு மேற்படாமல், நடுவணரசு ஏற்கும் என்றது. வரைபடம் படிக்கத் தெரியாத ஒருவன் ஓர் உருளையை அரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கடைந்துவிட்டால், போவது அவ்விரும்பின் விலை மட்டுமோ? வேலை கொடுத்தவரின் நம்பிக்கையும் போகும்.

முப்பதும் அதற்கு மேலும் ஆட்களுள்ள நிறுவனங்கள், நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்துவரை பழகுநரை எடுத்தல் கட்டாயம் என்கின்றன 2019-ஆம் ஆண்டு விதிகள். நான்கு முதல் இருபத்தொன்பதுவரை ஆட்களுள்ள பட்டறைகள் விரும்பினால் எடுக்கலாம். இங்கே அமர்ந்திருப்போருள் பலர் இவ்வகையினர்; உம் விருப்பத்தை எழுப்பவே வந்தேன்.

சட்டத்தில் ஓட்டையில்லை என்று யான் சொல்லவில்லை. பழகுநன் தொழிலாளி ஆகான் என்று அதுவே சொல்கின்றது. அதனைப் பற்றிக்கொண்டு, பழக்கம் என்னும் பெயரால் முழு வேலையும் வாங்கிக் காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டத்தை உள்ளே விடுவோரும் உளர். அவரினும் கொடியவர், ‘பயிற்சியாளர்’ என்று பெயர் மட்டும் சூட்டிப் பதிவே செய்யாதவர். பதிவுபெற்றவன் அறிவுரைஞரிடமேனும் முறையிடலாம். பெறாதவனுக்கு அந்தக் கதவும் இல்லை. பழக்கியவர் வேலை தந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயமில்லை. எனினும் 1995-ஆம் ஆண்டு, உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில், மற்றவை ஒத்திருப்பின் பழகி முடித்தவர்க்கு முன்னுரிமை தரவேண்டும் என உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சங்கத்தார் இத்தீர்ப்பைத் தம் சட்டைப்பையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.

செருமனி நாட்டைப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்படி அங்கே ஒவ்வொரு பழகுநனின் ஒப்பந்தமும் தொழில் மன்றப் பதிவேட்டில் ஏறுகின்றது. கிழமையிற் பெரும்பகுதி ஆலையில். ஓரிரு நாள் தொழிற்பள்ளியில். தேர்வுக் குழுவில் முதலாளி சார்பினரும் தொழிலாளர் சார்பினரும் ஒத்த எண்ணிக்கையில் அமர்வர்; பள்ளி ஆசிரியரும் இருப்பர். அங்குக் கொல்லன் மகன் தன் தொழிலைத் தன் மொழியிற் கற்றுத் தன் மொழியில் தேர்வெழுதுகின்றான்.

இங்கோ, என்னிடம் காட்டப்பட்ட பழகுநர் ஒப்பந்தங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே இருந்தன. சென்ற திங்கள் ஒரு பெண்பிள்ளை தன் ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தாள். கையொப்பமிட்டு எட்டுத் திங்களாயிற்று. “இதில் என்ன எழுதியிருக்கின்றது, ஐயா?” என்றாள். அவள் தந்தையும் கையொப்பமிட்டிருந்தார், அவரும் படித்தறியார். அவள் பழகவேண்டிய தொழில் பொருத்துநர் பணி. அவளைப் பழக்கியதோ பெட்டி ஒட்டுவதற்கு. படித்துச் சொன்னேன். மறுநாளே அவ்வொப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் சென்று நின்றாள். இப்போது நுண்ணளவியைக் கையிற் பிடிக்கின்றாள். பட்டறையில் மைக்ரோமீட்டர் என்பார்கள். அவள் எப்பெயரிட்டு அழைத்தாலும் சரியே, முதலிற் பிடிக்கட்டும்!

ஆகலின் அவ்வொப்பந்தப் படிவம் முழுவதையும் யானும் நண்பர் இருவரும் தமிழிற் பெயர்த்திருக்கின்றோம். சட்டப்படி கையொப்பமிட வேண்டியது மூலப்படிவத்தில்தான். இது படித்தறிவதற்கு மட்டுமே. வாயிலருகே மேசைமேல் இருநூறு படிகள் உள்ளன. பணம் வேண்டா. வீட்டில் பதினான்கு அகவை கடந்த பிள்ளை இருப்போர் ஒன்றும், பட்டறை நடத்துவோர் இரண்டும் எடுத்துச் செல்லுங்கள்.