கரித்தீ அருகே ஒரு மறுதேர்வு



தேர்வு முடிவுகளுக்காக வீடுகள் காத்திருக்கும் நாள்கள் இவை. பாஸ்கா காலத்தில் நாம் வாசிக்கும் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரமும் ஒரு தேர்வைப் பற்றியதே. எழுதியவர் பேதுரு. தலைமைக் குருவின் வீட்டில், கரித்தீ எரிந்த முற்றத்தில், மூன்று கேள்விகளுக்கும் தவறினார். மறுதேர்வு திபேரியக் கடற்கரையில் நடக்கிறது. அங்கேயும் கரித்தீ எரிகிறது.

அங்கே ஆண்டவர் செய்வதை, குருக்களும் ஆசிரியர்களுமாகிய நாங்கள் நெடுநாள் கவனிக்கவில்லை. கேட்பதற்கு முன் அப்பமும் மீனும் கொடுத்துச் சாப்பிடச் செய்கிறார். முற்றத்தில் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தம்மீது அன்பு உண்டா என்றே மூன்று முறையும் கேட்கிறார். கிரேக்க மூலத்தில் முதல் இரு கேள்விகளில் அன்புக்கு ஒரு சொல் வருகிறது. மூன்றாவதில் பேதுரு தம் பதில்களில் சொல்லிவந்த வேறொரு சொல் வருகிறது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்போரும் உண்டு. மாணவன் நிற்கும் படிக்கு ஆசிரியர் இறங்கிவந்தார் என்போரோடுதான் எங்கள் மனம் ஒத்துப்போகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் உடனே ஆடுகளை ஒப்படைக்கிறார். மூன்றும் முடியட்டும், கூட்டிப் பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை.

நாங்களோ விடைத்தாள் கொடுக்கும் நாளில் அதிக மதிப்பெண்ணில் தொடங்கிப் பெயர் வாசிப்போம். கடைசிப் பெயருக்கு வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அதை நாங்கள் அடக்கியதில்லை. பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிப்பதை 2017இல் தமிழக அரசு நிறுத்தியபோது வரவேற்றோம். எங்கள் பள்ளி வாசலில் மட்டும் மதிப்பெண்களோடு ஃபிளெக்ஸ் எழும்பத்தான் செய்தது.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் கணக்கில் 17 வாங்கினான். விடைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், பிரிக்கவே இல்லை. சிவப்பு மையில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதிய திருத்தங்களை 90 வாங்கியவனும் வாசிக்கவில்லை. எண்ணைப் பார்த்தான், அவ்வளவுதான்.

அடுத்த மாதத் தேர்வில் எண் போடாமல் திருத்தினோம். எங்கே தவறியது என்று மட்டும் எழுதி, ஒவ்வொருவரையும் அருகில் அழைத்துப் பேசினோம். 40 பேருக்கு மூன்று நாள் ஆயிற்று. பாடம் பின்தங்கியது. மதிப்பெண் எங்கே என்று சில பெற்றோர் கேட்டு வந்தார்கள். அவர்கள் கேட்டதிலும் தவறில்லை.

அந்த மாணவனிடம், "எதுவரை தெரியும், காட்டு" என்றோம். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும் வழி அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு குறை எண்களைப் பெருக்கும் இடத்தில் நின்றுவிட்டான்.

"இது ஏழாவதுலயே புரியல ஃபாதர். கேட்டா சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

மூன்று ஆண்டுகள், எத்தனையோ தேர்வுகள். ஒன்றும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த ஆண்டே அவன் தேறினான் என்று சொல்ல ஆசைதான். கணக்கில் 35ஐ எட்டவில்லை. முடிவு வந்த மறுநாள் காலையில் கணக்கு நோட்டோடு எங்கள் அறை வாசலில் நின்றான். துணைத்தேர்வுக்குச் சில வாரங்கள் இருந்தன. சாப்பிட்டாயா என்று கேட்டோம். இல்லை என்று தலையாட்டினான். இட்லி வந்தது; அதன்பிறகுதான் நோட்டைத் திறந்தோம்.