ஆராய்ச்சியும் ஒப்புதலும்



மாதவரம் பால் பண்ணையை அறியாதவர் சென்னையில் இலர். அதன் அண்மையில் குடியிருக்கும் நான் மருத்துவனும் அல்லன், விஞ்ஞானியும் அல்லன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். அத்தகைய ஒருவனைக் கல்லூரி ஒன்று தன் ஆராய்ச்சி அறநெறிக் குழுவில் உறுப்பினனாக அமர்த்தியிருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி இக்குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருக்கவேண்டும். தலைவர் வெளியாராக இருத்தல் வேண்டும். சட்டம் அறிந்த ஒருவரோடு சாதாரணப் பொதுமகன் ஒருவரும் இடம்பெற வேண்டும். அந்தப் பொதுமகன் நான். படிவத்தைப் படித்துவிட்டு, "எனக்குப் புரியவில்லை" என்று சொல்வதே என் முதல் வேலை. வாழ்நாளெல்லாம் ஆசிரியனாக இருந்தவனுக்கு அது சற்றுக் கடினமான வேலைதான்!

நாஜி மருத்துவர்கள் சிறை முகாம்களில் நடத்திய கொடுஞ்சோதனைகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், 1947-இல், சோதனைக்கு உட்படுபவனின் மனமுவந்த ஒப்புதல் இன்றியமையாதது என்று வகுத்தது. எனினும் அமெரிக்காவின் டஸ்கிகீயில், மேகநோய் கண்ட நீக்ரோ ஏழைகளைப் பென்சிலின் கொடாமலே 1972 வரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தனர் அரசாங்க மருத்துவர்கள். அக்கதை பலரும் அறிந்தது. நம் சென்னையிலேயே நடந்த வேறொரு சோதனையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கியது. காசநோய் கண்டவனைச் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல உணவும் ஓய்வும் தந்தால்தான் பிழைப்பான் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. ஆனால் படுக்கைகளோ மிகச் சில, நோயாளிகளோ எண்ணிலர். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கும், மற்றவரை அவரவர் குடிசைக்கும் அனுப்பினார்கள். இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள்தாம். வீட்டிலிருப்போர் மருந்தை விழுங்குகின்றனரா என்று அறிய, ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வந்து சிறுநீரைச் சோதித்தனர்.

நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். இருமும் தகப்பனைக் குழந்தைகள் உறங்கும் ஒற்றையறைக்கு அனுப்புவது முறையா? அவன் ஒப்பினான் என்றே வைத்துக்கொள்வோம், அக்குழந்தைகள் ஒப்பினார்களா? இக்கேள்விக்கு எளிதான விடை எனக்கு இன்றும் கிட்டவில்லை. சோதனை இல்லாவிடினும் பெரும்பாலோர் அந்த ஒற்றையறையில்தான், மருந்தும் இன்றிக் கிடந்திருப்பர் என்பது உண்மை. வீட்டாரை 5 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து வந்தனர் என்பதும் உண்மை. முடிவு 1959-இல் வெளிவந்தது: வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய சானடோரியத்துக்கு ஈடாகவே பலன் தந்தது. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை என்று பின்னர்த் தெரிந்தது. உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே குணமடைய அந்த ஏழைகள் வழி திறந்தனர். ஆனால் முடிவு நன்றாக வந்ததனால் கேள்வி தவறாகிவிடாது. இந்தியாவில் இதற்கென முதல் கொள்கை அறிக்கை 1980-இல்தான் வந்தது. 2019 முதல் மருத்துவ ஆராய்ச்சிக்கான அறநெறிக் குழுக்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

இனி எங்கள் குழுவுக்கு வந்த ஒரு விண்ணப்பம். மாதவரத்து லாரிப் பட்டறைகளில் வர்ணம் அடிப்போரின் மூச்சுத் திறனைக் கருவியில் ஊதச் செய்து அளக்க விரும்பினாள் ஒரு மாணவி. நல்ல நோக்கம், அபாயமும் இல்லை. பத்து நிமிடத்தில் அனுமதி அளித்துவிடுவோம் என்றார் ஓர் உறுப்பினர். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆட்களைத் தேர்ந்து தருபவர் பட்டறை மேஸ்திரி என்றும் எழுதியிருந்தது.

நான் அப்பட்டறைகளின் வழியாகத் தினமும் நடப்பவன். அன்று மாலை ஒரு பெரியவரிடம் இதைப் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடாவிட்டால் மேஸ்திரி கோபித்துக்கொள்வாரா, சார்? மூச்சுக் குறைவு என்று வந்துவிட்டால் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவாரா?" என்று கேட்டார். எங்கள் படிவத்தின் நான்கு பக்கங்களிலும் இவ்விரு கேள்விகளுக்கு விடை இல்லை.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினோம். மாணவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தேர்வு நெருங்குகிறது என்றாள். ஆறு வாரம் கழித்துத் தமிழில் ஒரே பக்கத்தில் படிவம் வந்தது. ஆட்களை மேஸ்திரி இல்லாத வேளையில், பட்டறைக்கு வெளியே, தேநீர்க் கடையில் சந்திப்பது என்றும், முடிவை அவரவருக்கு மட்டுமே தெரிவிப்பது என்றும், குறை கண்டால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என்றும் அவளே எழுதியிருந்தாள்.

அவள் அணுகியவர்களுள் சிலர் மறுத்துவிட்டனர். கேள்வி கேட்ட அந்தப் பெரியவரும் அவர்களுள் ஒருவர். காரணம் என்னவென்று அவள் அவரைக் கேட்கவில்லை.